ஜோசப்பின் கழுவிய நீல ஹொண்டா

மாத்தளை டவுன் முடிந்து தம்புள்ளை ரோடு நீள ஆரம்பிக்கிற இடத்தில், என் தையல்கடைக்கு நேர் எதிரே ஜோசப்பினின் முற்றம். மெஷினிலிருந்து தலையைத் தூக்கினால் எனக்கு முதலில் தெரிவது அவள்தான். பழைய கவுனுக்கு மேலே புருசனின் காக்கிச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் ஏதாவது ஒரு பிரஷ். அவளுக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நனைந்து நிற்கும்.

அவள் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். கொழுந்து பறித்ததில்லை. தேயிலை ஃபெக்டரியில் மெஷின்களைக் கழுவும் வேலை அவளுக்கு. ஹெர்பர்ட்டைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தாள். ஹெர்பர்ட் அந்த முற்றத்தில் ஒரு சின்ன கராஜ் வைத்திருந்தான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வியாதி சொல்லக்கூடிய ஆள். ஆனால் திருத்திக் கொடுக்கும் வண்டியில் அவனுடைய பத்து விரலும் கிரீஸில் பதிந்திருக்கும். "ஓடுதா, இல்லையா? அது போதும்" என்பான்.

ஜோசப்பினுக்கு அது போதவில்லை. எண்பத்தொன்பதில் கிளர்ச்சியும் ஊரடங்கும் கொலையுமாக நாடு கிடந்த கிடையில் ரோட்டில் வண்டியும் இல்லை, கராஜில் வேலையும் இல்லை. மறுவருசம் நிலைமை கொஞ்சம் தேறி வண்டிகள் வரத் தொடங்கியபோது, ஹெர்பர்ட் திருத்தி முடித்ததையெல்லாம் அவள் கழுவ ஆரம்பித்தாள். பிறகு திருத்த வேலை இல்லாத வண்டிகளும் வந்தன. சிங்களத்திலும் தமிழிலும் அவள் பெயர் போட்டு ஒரு போர்டு தொங்கியது. பக்கத்து ஹார்ட்வெயார் கடைக்கு வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, "பொம்பளை கழுவுற சைக்கிள்ல எப்படி ஏறிப் போறது?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஏற வேணாம், தள்ளிக்கிட்டுப் போங்க" என்றாள் ஜோசப்பின். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அந்த முதல் வருசத்தில்தான் புஹாரி நானாவின் வண்டி வந்தது. புஹாரி மிளகு, கராம்பு வாங்கி விற்கும் வியாபாரி. புதிதாகக் கறுப்பு யமஹா ஒன்று எடுத்திருந்தார். எல்கடுவைப் பக்கம் போய்ச் சேறு அப்பிக் கொண்டுவந்து விட்டார். ஜோசப்பின் தனக்குத் தெரிந்த மாதிரிக் கழுவினாள். சலவைத் தூளை அள்ளிப் போட்டு, தேங்காய்த் தும்பால் சட்டி தேய்ப்பதுபோல் தேய்த்து, வெயிலில் காயவிட்டாள். காய்ந்ததும் டாங்கியைப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி இருந்த கறுப்பு, சாம்பல் பூத்துக் கிடந்தது. உற்றுப் பார்த்தால் மயிரிழை மயிரிழையாகக் கீறல்.

ஹெர்பர்ட் தலையில் கை வைத்தான். "எண்ணெய் பூசிக் குடுப்போம், இன்னைக்கு விளங்காது" என்றான்.

"நாளைக்கு விளங்கும்" என்று சொல்லிவிட்டு அவளே புஹாரியின் கடைக்கு நடந்தாள். மிளகு மூட்டைகளுக்கு நடுவில் நின்று, "நானா, உங்க வண்டி டாங்கியை நான் பாழாக்கிட்டேன். வாங்க, வந்து பாருங்க" என்றாள்.

புஹாரி வந்து பார்த்தார். டாங்கியை விரலால் தடவினார். "என்ன புள்ள இது, புது வண்டி" என்றார் கடைசியில்.

"ஒரு கிழமை குடுங்க. பழைய மாதிரி ஆக்கித் தாரேன். ஆகலைன்னா வேற டாங்கி போட்டுத் தாரேன்."

பெயின்ட் அடிக்கும் ஒருவரிடம் கேட்டு, பசை மாதிரி இருக்கும் கட்டிங் கம்பவுண்ட் வாங்கி வந்தாள். நனைந்த பனியன் துணியில் அதைத் தொட்டு நாள்கணக்கில் தேய்த்தாள். மேலே மெழுகுப் பொலிஷ் போட்டாள். டாங்கி திரும்பவும் முகம் காட்டியது. புஹாரி அதில் தன் தாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் வண்டியை வேறு யாரும் கழுவியதில்லை.

ஆனால் ஜோசப்பினுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. எது எதைச் செய்யும் என்று தெரியாமல் இனி எந்த வண்டியிலும் கை வைக்கக்கூடாது என்று முடிவெடுத்தாள். கராஜின் பின்பக்கம் விபத்தில் நசுங்கிய பழைய சிவப்பு டாங்கி ஒன்று கிடந்தது. அதை எடுத்து வேலியில் கட்டினாள். சுண்ணாம்பால் கட்டம் கட்டமாகப் பிரித்தாள். ஒரு கட்டத்தில் சலவைத் தூள், ஒன்றில் கட்டிச் சவுக்காரம், ஒன்றில் பாத்திரம் கழுவும் திரவம், ஒன்றில் தலைக்குப் போடும் ஷாம்பு, ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் பெற்றோல். வாரக்கணக்கில் அந்தந்தக் கட்டத்தை அந்தந்தப் பொருளாலேயே கழுவினாள். எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது.

"டாங்கிக்குப் பூசை நடக்குது போல" என்று ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து கேலி செய்வேன்.

"இங்க வந்து பாத்துட்டுப் பேசுங்க மாஸ்டர்" என்றாள் ஒருநாள்.

போய்ப் பார்த்தேன். பெற்றோல் போட்ட கட்டத்தில் பெயின்ட் மங்கித் துணியில் சிவப்பு ஒட்டியது. கட்டிச் சவுக்காரம் போட்ட இடத்தில் வெள்ளைப் படலம். பாத்திரத் திரவம் அழுக்கைச் சட்டென்று எடுத்தது, ஆனால் மேலே இருந்த மெழுகையும் சேர்த்து எடுத்துவிட்டது. ஷாம்பு போட்ட இடம் மட்டும் நாள் போகப் போக அப்படியே இருந்தது. அன்றிலிருந்து டாங்கிக்கும் மட்கார்டுக்கும் ஷாம்பு கரைத்த தண்ணீர்தான். கண்டியில் கார் ஷாம்பு கலன் கலனாகக் கிடைக்கத் தொடங்கியதும் அதற்கு மாறினாள்.

இப்படி ஒவ்வொன்றாய் அவளுக்கென்று ஒரு முறை உண்டானது. வந்த வண்டி உடனே நனையாது. எஞ்சின் சூடு ஆறும்வரை நிழலில் நிற்கும். சைலன்சர் வாயில் ஒரு பொலித்தீன் பையைச் சொருகுவாள். முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழே மெதுவாக ஓடவிட்டு மணலைக் கழற்றுவாள், மணல் போகாமல் துணி படாது. டாங்கிக்கு ஒரு வாளி, சக்கரத்துக்கு வேறொரு வாளி. துணியும் அப்படியே, ஒன்றோடொன்று கலக்காது. மண்ணெண்ணெய் செயினுக்கு மட்டும். "லாம்பெண்ணெய் பட்டா ரப்பர் ஊதிப் போயிரும், பிரேக்குல பட்டா ஆளே போயிருவான்" என்பாள். துருப்பிடித்த நிக்கல் பாகங்களுக்குப் பிளிங்காயின் புளிச்சாறு. கொஞ்ச நேரத்தில் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டுவிட வேண்டும். ரிம்மில் உள்ள சின்னத் துருப் புள்ளிகளை சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாளை நனைத்துத் தேய்த்தே எடுப்பாள்.

சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்ததும் உண்டு. பளபளவென்றுதான் இருந்தது. தபால் கந்தோர்க்காரர் ஒருவர் அதில் ஏறி, மேட்டில் பிரேக் பிடித்தபோது வழுக்கிக்கொண்டு டாங்கி மேலேயே வந்து உட்கார்ந்தார். அதோடு அந்தப் பழக்கம் நின்றது.

தொண்ணூறுகளின் நடுவில் வஹகோட்டைச் சர்ச் திருநாள் வந்தால் அவள் முற்றத்தில் வரிசை நிற்கும். கோயிலுக்குப் போகிறவர்கள் வண்டியைக் கழுவாமல் போவது அவர்களுக்கே கூச்சமாகிவிட்டது. மகள் டொறீன் பள்ளிக்கூடம் விட்டு வந்து சீருடையோடு நின்று வேடிக்கை பார்ப்பாள்.

தொண்ணூற்றெட்டில் கண்டியில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு மாத்தளையிலும் தமிழர்களான எங்களைப் பார்க்கிற பார்வை மாறியது. டவுனுக்குள் போக ஒரு செக் பொயின்ட், வெளியே வர ஒரு செக் பொயின்ட். அடையாள அட்டையில் பெயரைப் படித்ததும் ஒரு பக்கமாக நிற்கச் சொல்வார்கள். ரோட்டோரத்தில் ஆளில்லாமல் நிற்கும் சைக்கிளைக் கண்டால் சனம் விலகி நடக்கும்.

அந்த நாட்களில் ஒரு காலை, நீல ஹொண்டா ஒன்று முற்றத்துக்குள் வந்தது. ஓட்டி வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். முகம் வெளிறிப் போயிருந்தது. சாவியை ஜோசப்பின் கையில் வைத்தான்.

"அக்கா, வாப்பாவுக்குச் சொகமில்ல, கண்டி ஆஸ்பத்திரியில ஈக்கிறார். சைக்கிள்ல போனா வழி நெடுக மறிப்பாங்க, நான் பஸ்ஸில போய்ட்டு வாறன். கழுவி வைங்க."

சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். அவள் பெயர் கேட்கவில்லை. வண்டி பார்க்கச் சகிக்காத அழுக்காக இருந்ததால் சீட்டையும் இரண்டு பக்க மூடிகளையும் கழற்றி, இண்டு இடுக்கெல்லாம் விட்டுக் கழுவினாள்.

அவன் அன்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நீல ஹொண்டா பளிச்சென்று கூரைக்குக் கீழே நின்றது. மூன்றாம் நாள் நானே ரோட்டைத் தாண்டிப் போனேன்.

"ஜோசப்பின், இது சரியில்ல. பொலிஸுல சொல்லிருங்க."

"சாவியைக் குடுத்துட்டுப் போன மனுசன் வருவான் மாஸ்டர். ஆஸ்பத்திரிக் காரியம், முன்னப்பின்ன ஆகும்."

"காலம் அப்படியா இருக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, சோறு இறக்கிட்டு நானே போய்ச் சொல்றேன்" என்றாள். ஆனால் எங்களுக்கு முன்னால் வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். சோறு கொதிக்கும் முன்பே ஜீப் வந்தது.

விசில் அடித்தார்கள். கடைகளிலிருந்து எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். நானும் பாதி தைத்த காற்சட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடிப்போய் ரோடு திரும்பும் வளைவில் நின்றேன். பஸ்களை நிறுத்திவிட்டார்கள். ஹெர்பர்ட் சாமான் வாங்க டவுனுக்குள் போயிருந்தான். வெறிச்சோடிய ரோட்டின் ஓரத்தில் ஜோசப்பின் மட்டும் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

ஜீப்புக்குப் பின்னாலிருந்து பொலிஸ் சார்ஜன் சிங்களத்தில் கத்தினார். "அதுக்குக் கிட்ட நிக்காதே! இங்கே வா!"

அவள் அதே சிங்களத்தில் பதில் சொன்னாள். வளைவு வரைக்கும் கேட்டது. "மாத்தயா, இந்த வண்டியில நான் கை வைக்காத இடமே இல்லை. திறந்து கழுவினவ நான். உள்ளே ஒண்ணும் இல்லை."

"வா என்று சொன்னேன்!"

"நான் வந்துட்டா நீங்க இதைச் சுட்டு உடைச்சிருவீங்க. ஒரு மனுசன் என்னை நம்பி விட்டுட்டுப் போனது."

சொல்லிவிட்டு சட்டைப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தாள். எங்கள் பக்கத்தில் நின்ற சனம் காதைப் பொத்திக்கொண்டது. அவள் சீட்டைக் கழற்றி, உயர்த்திக் காட்டி, நிலத்தில் வைத்தாள். இடது மூடி. வலது மூடி. டூல் பெட்டி. டாங்கி மூடியைத் திறந்து வண்டியை இரண்டு கையாலும் ஆட்டினாள். உள்ளே பெற்றோல் குலுங்கியதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் ஹெட்லைட்டையும் கழற்றி, அதன் வெறும் குழியைப் பொலிஸ்காரர்கள் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.

சார்ஜன் மெதுவாக நடந்து வந்தார். தானும் குனிந்து பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உனக்குப் பைத்தியமா?" என்று மட்டும் கேட்டார்.

வண்டியையும் கொண்டுபோனார்கள், அவளையும் கொண்டுபோனார்கள். ஒரு மணித்தியாலத்தில் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம். ஆனால் நம்பரைத் தேடிப் பார்த்தபோது வண்டி வவுனியாவில் ஒரு தமிழரின் பெயரில் பதிவாகியிருந்தது. அதன் பிறகு விசாரணையின் குரல் மாறியது. யார் அவன், எத்தனை தடவை வந்தான், உனக்கு வடக்கில் யார் இருக்கிறார்கள்? வவுனியா என்ற சொல்லைக் கேட்டபோதுதான் முதன்முதலாகப் பயந்ததாகப் பிறகு எங்களிடம் சொன்னாள். டொறீனை யார் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவார்கள் என்று நினைத்தாளாம்.

ஆனாலும் தெரிந்ததைச் சொன்னாள். "பேப்பர்ல எந்த ஊரும் இருக்கட்டும் மாத்தயா. மட்கார்டுக்கு உள்ளே வயல் சேறும் வைக்கோலும் ஒட்டியிருந்துச்சு. பின் கெரியர்ல வெங்காயத் தோல், சாக்கு நூல். பேச்சு முஸ்லிம் ஆள் பேச்சு. கலேவெல, தம்புள்ளைப் பக்கம் வெங்காயம் ஏத்துற மனுசன்."

"கலேவெலவில் வெங்காயம் ஏற்றாதவன் யார்?" என்றார் சார்ஜன். அவர் சொன்னதும் பிழையில்லை. அவர் கெட்ட மனிதரும் இல்லை. ஹெர்பர்ட் பொலிஸ் வாசலில் வந்து நின்றபோது யன்னல் வழியாக இரண்டு வார்த்தை பேச விட்டார்.

"புஹாரி நானாகிட்டப் போங்க" என்றாள் ஜோசப்பின். "கலேவெல ஆள். வாப்பா கண்டி ஆஸ்பத்திரியில. இது போதும், அவர் தேடிருவார்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. புஹாரி கடையைப் பூட்டிவிட்டு யமஹாவில் கலேவெலவுக்குப் போனார். ஜும்மா தொழுகை முடிந்து வெளியே வந்தவர்களிடம் விசாரித்தார். அதிகம் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கண்டி ஆஸ்பத்திரியில் மவுத்தான ஒரு பெரியவரை அந்தக் கிழமைதான் அடக்கியிருந்தார்கள். மகன் பெயர் ஜுனைதீன். அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோதே வாப்பாவின் மூச்சு நின்றிருந்தது. ஜனாஸாவை வேனில் ஏற்றி குருநாகல் வழியாக நேரே ஊருக்குக் கொண்டுவந்துவிட்டான். வண்டி என்ற ஒன்று அவன் நினைவிலேயே இல்லை.

புஹாரி அவன் வீட்டு முற்றத்தில் நின்று சொன்னதும் ஜுனைதீன் எழுந்துவிட்டான். வீட்டில் அவனைத் தடுத்தார்கள். வண்டியை வவுனியாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒருவரிடம் வாங்கியவன் அவன், இன்னும் தன் பெயருக்கு மாற்றவில்லை. போனால் உன்னையும் பிடித்து வைப்பார்கள் என்றார்கள்.

"எனக்காக ஒரு பொம்பளை உள்ளுக்கு ஈக்கிறா. நான் இங்க குந்திக்கிட்டு ஈக்கவா?" என்று கேட்டானாம்.

புஹாரியின் பின்சீட்டில் ஏறி வந்தான். பள்ளிவாசல் ஆட்கள் இருவரும் கிராம சேவகரும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். அவனையும் ஒருநாள் வைத்துத்தான் விட்டார்கள். ஜோசப்பினை அன்று மாலையே விட்டார்கள். அவள் ஹெர்பர்ட்டோடு ரோட்டில் நடந்து வந்தபோது கடைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றோம். அவள் என்னைப் பார்த்து, "மாஸ்டர், அந்தக் காற்சட்டை முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

வண்டி இன்னும் சில கிழமை பொலிஸ் வளவில் ஒரு மரத்தின் கீழே நின்றது. பத்திரங்கள் சரியான பிறகு ஜுனைதீன் அதை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்தான். டாங்கி முழுக்கக் காக்கை எச்சம். வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்து நின்றான்.

"மறந்துட்டேன் அக்கா. உங்களுக்கு இப்பிடியொரு கஷ்டம்…"

"வாப்பா மவுத்தாகி நிக்கிறப்ப வண்டி ஞாபகம் வந்தாத்தான் பிழை" என்றாள் அவள். "உள்ளுக்குப் போய் உட்காருங்க. டீ வருது."

எச்சம் காய்ந்து இறுகியிருந்தது. அவள் தேய்க்கவில்லை. நனைந்த துணியை அதன் மேல் போட்டு ஊற விட்டாள். தானாக இளகியதும் ஒற்றி எடுத்தாள். கீழே பெயின்ட் ஓரிரு இடத்தில் வெளுத்திருந்தது. கம்பவுண்ட் தொட்டு அதையும் சரிப்படுத்தினாள். ஜுனைதீன் டீயைக் குடித்துக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவள் முற்றத்தில் ஒரு சட்டம் வந்தது. கழுவி முடியும்வரை வண்டிக்காரர் அங்கேயே இருக்க வேண்டும். அதற்காக உட்கார நீளமான ஒரு வாங்குப் பலகை செய்து போட்டாள். முதலில் சிலர் முறைத்தார்கள். "அவசரம்னா அழுக்கோட போங்க" என்பாள். போகமாட்டார்கள். ஒரு நாள் அந்த வாங்கில் சார்ஜனும் வந்து உட்கார்ந்தார், தன் சொந்த வண்டியோடு, சிவில் உடுப்பில். அவளும் பழையதைப் பேசவில்லை, அவரும் பேசவில்லை. சக்கரத்தை எதால் கழுவுகிறாய் என்று மட்டும் கேட்டார். சொன்னாள்.

சமாதானப் பேச்சு நடந்து ரோடு திறந்து யாழ்ப்பாணம் வரை வாகனம் ஓடிய காலத்திலும், திரும்ப மூடிய காலத்திலும் அவள் தொழில் வளர்ந்ததே தவிரச் சுருங்கவில்லை. ஹெர்பர்ட்டின் கராஜ் ஒரு மூலைக்குப் போய், முற்றம் முழுவதும் அவளுடையதாயிற்று. தோட்டத்திலிருந்து வந்த இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டாள். தண்ணீர் பாய்ச்சும் பிரஷர் மெஷின் வாங்கினாள். வாங்கிய அன்றே அதைச் செயின் பக்கமும் சக்கர நடுவிலும் பிடிக்கக்கூடாது, கிரீஸ் வெளியே வந்துவிடும் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லிவிட்டாள்.

யுத்தம் முடிந்த வருசம் நானும் ஒரு சின்ன பஜாஜ் எடுத்தேன். கழுவுவதற்கென்று டவுனில் கண்டதையெல்லாம் வாங்கிப் பையை நிரப்பிக்கொண்டு அவளிடம் போனேன். அவள் பையை வாங்கில் கொட்டி, போத்தல் போத்தலாக எடுத்துப் பார்த்தாள்.

"இது கண்ணாடிக்குப் பூசுறது. இது குசினிக்கு. இது என்ன, வாசனைக்கா? வண்டியை முகர்ந்து பாக்கப் போறீங்களா மாஸ்டர்?" ஷாம்பு ஒன்றை மட்டும் ஒதுக்கி வைத்தாள். "இது நல்லது. வாளியில ஒரு மூடிதான், கூட வேணாம். மத்ததெல்லாம் வீட்டுக்குக் கொண்டு போங்க."

பிறகு துணி ஒன்றை என் கையில் தந்து, மேலிருந்து தொடங்கச் சொன்னாள்.